வீட்டிலேயே காரின் ஸ்பார்க் பிளக் மாற்றுவது எப்படி: முதன்முறை செய்பவர்களுக்கு

ஏழு ஆண்டுகளுக்கு முன் 2007ஆம் ஆண்டு மாடல் டொயோட்டா கொரோலா ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கினேன். வாங்கிய ஆறாம் மாதமே சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங் நடுங்கத் தொடங்கியது. கத்திப்பாரா மேம்பாலத்தில் ஏறும்போது வண்டி யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதைப் போலத் திணறியது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். சிலிண்டருக்குள் பெட்ரோலைப் பொறியால் பற்றவைக்கும் நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் மாற்றியதாகச் சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டார்கள். மூன்று மாதத்தில் அதே நடுக்கம் திரும்பி வந்தது. பொறுமையிழந்து நானே திறந்து பார்த்தபோது, நான்கில் மூன்று பிளக்குகள் ஒரு கம்பெனியுடையவையாகவும் நான்காவது வேறொன்றாகவும் இருந்தன. நான்கின் வாஷரும் துருவேறித் தகடாகத் தட்டையாகியிருந்தன. மாற்றப்பட்ட பிளக் எதுவும் அங்கே இல்லை.

அன்றே நான்கையும் நானே மாற்ற முயன்று, மூன்றாவது சிலிண்டரில் பிளக் திருகி அமரும் மரையைக் கெடுத்தேன். அதைச் சரிசெய்ய ஆன செலவில் ஐந்து செட் பிளக் வாங்கியிருக்கலாம். அதற்குப் பிறகு இரண்டு முறை எந்தச் சேதமும் இல்லாமல் மாற்றியிருக்கிறேன். கடினமான வேலை அன்று. ஆனால் இரண்டு மூன்று இடங்களில் அவசரப்பட்டால் பெரிய செலவு வைத்துவிடும். அந்த இடங்களை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் போதும்.

1. உங்கள் வண்டிக்கு இது பொருந்துமா என்று முதலில் பாருங்கள்

டீசல் வண்டியில் ஸ்பார்க் பிளக் கிடையாது. அதிலிருப்பது குளோ பிளக், அதன் வேலையும் மாற்றும் முறையும் வேறு. பெட்ரோல், சி.என்.ஜி., எல்.பி.ஜி. வண்டிகளுக்கு மட்டுமே இந்தக் கட்டுரை.

அடுத்து, பானட்டைத் திறந்து பிளக் எங்கே இருக்கிறது என்று கண்ணால் பாருங்கள். என் கொரோலாவில் இருக்கும் 1.8 லிட்டர் இன்ஜினில், பிளக்குகளுக்கு உயர் வோல்டேஜ் மின்சாரம் தரும் நான்கு காயில்களும் இன்ஜின் தலைமேல் வரிசையாக நிற்கின்றன. மேலே இருக்கும் பிளாஸ்டிக் மூடியை எடுத்தால் எல்லாம் கைக்கெட்டும். இப்படிப்பட்ட நான்கு சிலிண்டர், மூன்று சிலிண்டர் வண்டிகள்தாம் முதன்முறை செய்பவருக்கு ஏற்றவை. ஆறு சிலிண்டர்கள் இரு வரிசையாக இருக்கும் வி6 இன்ஜின்கள் பலவற்றில் பின்வரிசைப் பிளக்குகளுக்குக் கை போகவே, காற்று உள்ளே போகும் இன்டேக் பகுதியைக் கழற்ற வேண்டிவரும்; முதல் முயற்சியாக அதில் கை வைக்க வேண்டாம்.

பிளக்கின் எண்ணிக்கையையும் இப்போதே எண்ணிக்கொள்ளுங்கள். சிலிண்டருக்கு ஒன்று என்பது பெரும்பாலும் சரி, எப்போதும் சரியில்லை. பல்சர் பைக்குகள் பலவற்றில் ஒரே சிலிண்டருக்கு இரண்டு பிளக் இருப்பது பலருக்கும் தெரியும். பழைய ஹோண்டா சிட்டியின் ஐ-டிஎஸ்ஐ இன்ஜினிலும் அதே ஏற்பாடுதான், நான்கு சிலிண்டருக்கு எட்டு பிளக். நான்கு வாங்கிவந்து பாதியில் நிற்பதைவிட எண்ணிவிட்டுக் கடைக்குப் போவது நல்லது.

எப்போது மாற்றுவது என்ற கேள்விக்கு, சாதாரண நிக்கல் பிளக் 30,000 முதல் 40,000 கிலோமீட்டர் வரையிலும், இரிடியம் பிளக் ஏறத்தாழ 1,00,000 கிலோமீட்டர் வரையிலும் தாங்கும் என்பது பொதுக்கணக்கு. உங்கள் வண்டியின் கையேடு வேறு கணக்குச் சொன்னால் கையேட்டையே நம்புங்கள். வண்டி கேஸில் ஓடுகிறது என்றால் பொறி எழ அதிக வோல்டேஜ் தேவைப்படுவதால் பிளக் சீக்கிரம் தேயும், கணக்கைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

2. எடுத்து வைக்க வேண்டிய தாள்கள்

முதலாவது, வண்டியோடு வந்த ஓனர்ஸ் மேனுவல். அதன் கடைசிப் பக்கங்களில் பிளக்கின் எண்ணும், பொறி தாவும் இரு முனைகளுக்கிடையே இருக்க வேண்டிய இடைவெளியும் அச்சிடப்பட்டிருக்கும்; பராமரிப்பு அட்டவணையில் எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை என்பதும் இருக்கும். பழைய வண்டி வாங்கியவர்களுக்குப் பெரும்பாலும் இந்தப் புத்தகம் கிடைத்திருக்காது. பல கம்பெனிகள் தங்கள் தளத்தில் இதை இலவசமாக வைத்திருக்கின்றன. உங்கள் மாடலின் ஆண்டையும் இன்ஜினையும் சரிபார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, ஆர்.சி. கடைக்காரருக்கு வண்டியின் பெயரைச் சொன்னால் போதாது. ஒரே பெயரில் இரண்டு மூன்று இன்ஜின்கள் வந்திருக்கலாம். ஆர்.சி.யில் இருக்கும் சேஸிஸ் எண்ணைக் கொடுத்தால் கம்பெனி உதிரிபாகக் கவுன்ட்டரில் சரியான பார்ட் எண்ணை எடுத்துத் தருவார்கள். அசல் அட்டையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை, டிஜிலாக்கரில் இருப்பது போதும்.

மூன்றாவது, வாரன்டி புத்தகம். வண்டி இன்னும் வாரன்டியில் இருந்தால், நீட்டிக்கப்பட்ட வாரன்டியாக இருந்தாலும், இந்த வேலையைக் கம்பெனி சர்வீஸிலேயே செய்துகொள்ளுங்கள் என்பதே என் யோசனை. பிளக் மாற்றியதில் மிச்சமாகும் சில நூறு ரூபாய்க்காக, நாளைக்கு இன்ஜினில் ஏதாவது வந்தால் ‘வெளியில் கை வைத்திருக்கிறீர்கள்’ என்ற பேச்சுக்கு இடம் கொடுக்க வேண்டாம்.

பிளக் வாங்கியதற்கான பில்லைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். போலி என்று பின்னர் தெரிந்தாலும், ஒன்று பழுதாக இருந்தாலும் அது இல்லாமல் கடையில் வாயே திறக்க முடியாது.

3. சரியான பிளக்கை வாங்குதல்

பிளக்கின் மேல் எழுதியிருக்கும் எழுத்தும் எண்ணும் அதன் ஜாதகம். எடுத்துக்காட்டாக, என்.ஜி.கே. கம்பெனியின் பிகேஆர்5இஒய்ஏ-11 என்ற பிளக்கை எடுத்துக்கொள்வோம். ‘பிகே’ என்றால் 14 மி.மீ. மரை, 16 மி.மீ. அறுகோணத் தலை, ‘ஆர்’ என்றால் உள்ளே மின் இரைச்சலைக் குறைக்கும் ரெசிஸ்டர் உண்டு, ‘5’ வெப்ப எண், ‘இ’ என்பது மரைப்பகுதியின் நீளம் 19 மி.மீ. என்பதைக் குறிக்கும், கடைசியில் வரும் ‘11’ என்பது முனைகளுக்கிடையே 1.1 மி.மீ. இடைவெளி.

இதில் மூன்று கண்ணிகள் இருக்கின்றன.

வெப்ப எண்ணின் திசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். என்.ஜி.கே.யிலும் டென்சோவிலும் எண் கூடக் கூடப் பிளக் ‘குளிர்ந்தது’, அதாவது வெப்பத்தை வேகமாக வெளியேற்றுவது. பாஷ் கம்பெனியில் இதற்கு நேர்மாறு. எண்களின் அளவும் ஒன்றல்ல: என்.ஜி.கே.யின் 5க்கு நிகரானது டென்சோவின் 16. ஆகையால் ஒரு கம்பெனியின் எண்ணை வைத்துக்கொண்டு இன்னொரு கம்பெனியில் மனக்கணக்குப் போடாதீர்கள். அவர்களுடைய பட்டியலில் உங்கள் வண்டியைத் தேடுங்கள். ‘5 இல்லை சார், 6 போட்டுக்குங்க, ஒண்ணும் ஆகாது’ என்று எனக்கு ஒரு கடையில் சொன்னார்கள். உடனே ஒன்றும் ஆகாதுதான். ஆனால் நகரத்துக்குள் மெதுவாக ஓடும் வண்டியில் தேவைக்கு மேல் குளிர்ந்த பிளக் தன்மேல் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும் சூட்டை எட்டாமல் கறுத்துப்போகும். நான் அடுத்த கடைக்குப் போனேன்.

மரையின் நீளம் தவறினால் ஆபத்து அதைவிடப் பெரிது. நீளமான பிளக்கைப் போட்டால் அதன் முனை உள்ளே பிஸ்டனையோ வால்வையோ தட்டலாம். குட்டையானதைப் போட்டால் மிச்சமிருக்கும் மரையில் கரி படிந்து, அடுத்த முறை சரியான பிளக் இறங்க மறுக்கும்.

மூன்றாவது கண்ணி, வண்டியில் ஏற்கெனவே இருக்கும் பிளக்கை மாதிரியாகக் கொண்டுபோவது. முன்பு போட்டவர் சரியானதைத்தான் போட்டார் என்பதற்கு என்ன உறுதி? என் வண்டியே சாட்சி. கையேட்டில் இருக்கும் எண்ணும் பழைய பிளக்கின் எண்ணும் ஒத்துப்போனால் மட்டுமே பழையதை மாதிரியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நிக்கலா இரிடியமா? இரிடியம் போட்டால் மைலேஜும் பிக்கப்பும் கூடும் என்று சொல்வார்கள். நல்ல நிலையில் இருக்கும் நிக்கல் பிளக்கோடு ஒப்பிட்டால் ஓட்டுபவர் உணரும் அளவுக்கு வித்தியாசம் இருக்காது என்பதே என் அனுபவம். இரிடியத்துக்குக் கொடுக்கும் பணம் அதன் ஆயுளுக்காகத்தான். பிளக்கை எடுப்பது சிரமமாக இருக்கும் வண்டிக்கு அந்தப் பணம் தகும். என் வண்டியில் அரைமணி நேர வேலை என்பதால் நான் நிக்கலிலேயே நிற்கிறேன். கம்பெனியே இரிடியம் போட்டு அனுப்பிய வண்டியில் மட்டும் நிக்கலுக்கு இறங்காதீர்கள்.

எங்கே வாங்குவது? கம்பெனி உதிரிபாகக் கவுன்ட்டர் பாதுகாப்பானது. சென்னையில் இருப்பவர்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் உதிரிபாகக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பழைய வண்டிச் சாமான்களுக்குப் பெயர்போன புதுப்பேட்டைக்குப் பிளக்குக்காகப் போக வேண்டாம். பிளக் என்பது பழையது வாங்கும் பொருள் அன்று.

போலிகள் நிறைய உலவுகின்றன. கடையிலேயே பெட்டியைப் பிரித்துப் பாருங்கள். வெள்ளைப் பீங்கான்மேல் எழுத்து சீராக இருக்க வேண்டும், நகத்தால் சுரண்டினால் உரியக் கூடாது. நடு முனை சரியாக மையத்தில் நிற்க வேண்டும். வளைந்த முனை அதன் தலைக்கு நேர்மேலே வர வேண்டும். வாஷர் சுழல வேண்டும், ஆனால் கழன்று விழக் கூடாது. மரையில் பிசிறு இருக்கக் கூடாது. நான்கையும் ஒன்றன்பக்கத்தில் ஒன்றாக நிறுத்திப் பார்த்தால் போலியில் ஏதாவது ஒன்று தனியாகத் தெரிந்துவிடும். எம்.ஆர்.பி.யில் பாதி விலைக்குக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள்.

4. கருவிகளும் நான் கொடுத்த விலையும்

விலைகள் ஊருக்கும் கடைக்கும் ஏற்ப மாறும். ஒரு திட்டத்துக்காக என் கணக்கைச் சொல்கிறேன். நிக்கல் பிளக் ஒன்று 160 ரூபாய் வீதம் நான்குக்கு 640. பிளக் சாக்கெட் 350. பத்து அங்குல எக்ஸ்டென்ஷன் 220. முனைகளின் இடைவெளியை அளக்கும் தகடுகளான ஃபீலர் கேஜ் 120. எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் 2,400. மொத்தம் 3,730 ரூபாய். ராட்செட் கைப்பிடியும் 10 மி.மீ. சாக்கெட்டும் ஏற்கெனவே என்னிடம் இருந்தன. ஒர்க்‌ஷாப்பில் கூலி மட்டும் 600 கேட்டிருந்தார்கள். ஆக, முதல்முறை நீங்கள் ஒன்றும் மிச்சம் பிடிக்கப்போவதில்லை. இரண்டாம் முறையிலிருந்துதான் 640 ரூபாயோடு வேலை முடியும்.

பிளக் சாக்கெட் என்பது சாதாரணச் சாக்கெட் அன்று. உள்ளே ரப்பரோ காந்தமோ இருக்கும். அது பிளக்கைப் பிடித்துக்கொண்டு மேலே தூக்கிவரும், பீங்கான் விரிசல் விடாமலும் காக்கும். என் வண்டிக்கு 16 மி.மீ. அளவு; புதிய வண்டிகள் சிலவற்றில் 14 மி.மீ. வருகிறது. பிளக்கை வாங்கிய பிறகு, அதையே கையில் எடுத்துப்போய்ச் சாக்கெட் வாங்கினால் அளவு தப்பாது.

டார்க் ரெஞ்சில் நான் ஏமாந்தேன். கடையில் முதலில் கொடுத்தது அரை அங்குல முனையுள்ளது, அதன் அளவுகள் 28 நியூட்டன் மீட்டரில்தான் தொடங்கின. எனக்குத் தேவையோ 25. சக்கர நட்டுகளுக்கு ஏற்ற ரெஞ்ச் அது. பிளக்குக்கு 3/8 அங்குல முனையுள்ள சிறிய ரெஞ்சைக் கேட்டு வாங்குங்கள். தேவைப்படும் அளவு அதன் வரம்பின் நடுப்பகுதியில் வர வேண்டும். டார்க் ரெஞ்ச் வாங்க மனமில்லாதவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது, பத்தாம் படியில் சொல்கிறேன்.

இவற்றைத் தவிர, அரை அடி நீளத்துக்கு ரப்பர் பெட்ரோல் டியூப், சைக்கிள் பம்ப், ஒரு டார்ச், நூல் பிரியாத பழைய பருத்தித் துணி, ஒரு முட்டை அட்டை ஆகியவை வேண்டும். பனியன் வேஸ்ட்டைத் தவிருங்கள். அதன் நூல் உள்ளே விழும்.

5. நாளும் நேரமும்

இன்ஜின் சூடாக இருக்கும்போது பிளக்கைக் கழற்றக் கூடாது. இன்ஜின் தலை அலுமினியம். சூட்டில் மென்மையாக இருக்கும் அதன் மரை, இறுகிப்போன பிளக்கோடு சேர்ந்து பிய்ந்து வரலாம். இரவு முழுவதும் வண்டியை நிறுத்திவைத்துக் காலையில் தொடங்குவதே நல்லது. ஏப்ரல், மே மாதங்களில் வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம் என்பது உபரி லாபம்.

ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். எல்லாருக்கும் ஓய்வு கிடைக்கும் நாள் அதுதான் என்பது தெரியும். ஆனால் ஒரு கிளிப் உடைந்தாலோ ஒரு பிளக் கைதவறி விழுந்தாலோ உதிரிபாகக் கடை பூட்டியிருக்கும். நான் மரையைக் கெடுத்தது ஒரு ஞாயிறு காலை. லேத் பட்டறைக்காரர் செவ்வாய்க்கிழமைதான் வந்தார். திங்களன்று அலுவலகத்துக்கு ஆட்டோ. சனிக்கிழமை காலை ஏழு மணிக்குத் தொடங்குங்கள். முதன்முறை இரண்டரை மணி நேரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மேற்கூரை உள்ள இடம் அல்லது மழை இல்லாத நாள் வேண்டும். சாவியை எடுத்து வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றச் சொல்பவர்கள் உண்டு. கழற்றினால் தவறில்லை, கடிகாரமும் ரேடியோவும் மறந்துபோகும், அவ்வளவே.

6. மூடியையும் காயிலையும் கழற்றுதல்

கொரோலாவில் இன்ஜின் மேல்மூடியை இரண்டு 10 மி.மீ. நட்டுகளும் இரண்டு கிளிப்புகளும் பிடித்திருக்கின்றன. அதை எடுத்தால் நான்கு காயில்கள் தெரியும். ஒவ்வொன்றையும் ஒரே ஒரு 10 மி.மீ. போல்ட் பிடித்திருக்கும், பக்கத்தில் ஒயர் கனெக்டர் செருகியிருக்கும்.

ஒரு நேரத்தில் ஒரு சிலிண்டர் மட்டும். நான்கையும் ஒரேயடியாகக் கழற்றிப் பரப்பிவைத்தால் எது எங்கே என்ற குழப்பம் வரும். அதைவிட, நான்கு துளைகளும் திறந்து கிடக்கும்போது ஒரு சிறு போல்ட் நழுவினால் அது எந்தத் துளையில் விழுந்தது என்று தேட வேண்டியிருக்கும். காயிலுக்குப் பதிலாக நீளமான பிளக் ஒயர்கள் உள்ள பழைய வண்டிகளில் இது இன்னும் முக்கியம், ஏனெனில் ஒயர் இடம் மாறினால் சிலிண்டர்களில் பெட்ரோல் பற்றும் வரிசையே மாறிவிடும். அந்த வண்டிகளில் ஒயரைப் பிடித்து இழுக்காமல், முனையிலிருக்கும் ரப்பர் மூடியைப் பிடித்து இழுங்கள்.

கனெக்டரின் பூட்டு நாக்குதான் இந்த வேலையிலேயே எளிதில் உடைவது. பத்துப் பதினைந்து ஆண்டு இன்ஜின் சூட்டில் வெந்த பிளாஸ்டிக் அப்பளம்போல் நொறுங்கும். நாக்கைக் கட்டைவிரலால் முழுவதும் அழுத்தி, முதலில் கனெக்டரைக் காயிலை நோக்கி ஒரு நூல் தள்ளி, பூட்டு விடுபட்ட பிறகு வெளியே இழுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாதீர்கள்.

போல்ட்டை எடுத்த பின் காயிலை இடமும் வலமுமாகச் சற்றுத் திருகுங்கள். அடியிலிருக்கும் ரப்பர் பிளக்கிலிருந்து விடுபடும் ஒரு சிறு ‘பொளுக்’ கையில் தெரியும். அதற்குப் பிறகு நேராக மேலே தூக்குங்கள்.

7. குழியைச் சுத்தம் செய்து பழைய பிளக்கை எடுத்தல்

காயிலை எடுத்ததும் டார்ச்சை அடித்துக் குழிக்குள் பாருங்கள். மணல், காய்ந்த இலைத்துணுக்கு, சில நேரம் செத்த பூச்சி, எல்லாம் அங்கே இருக்கும். பிளக்கைக் கழற்றிய நொடியில் இவை நேராகச் சிலிண்டருக்குள் போகும். ஆகவே பிளக்கைத் தொடுவதற்கு முன் சைக்கிள் பம்பின் குழாயைக் குழிக்குள் விட்டு நன்றாக ஊதுங்கள். முகத்தைத் தள்ளி வையுங்கள். கண்ணில்தான் வந்து விழும்.

குழிக்குள் எண்ணெய் தேங்கியிருந்தால் வால்வு கவர் பக்கத்து ரப்பர் சீல் கசிகிறது என்று பொருள். துணியைக் குச்சியில் சுற்றி எண்ணெயை ஒற்றி எடுத்துவிட்டுத் தொடரலாம். ஆனால் அந்த சீலை விரைவில் மாற்றாவிட்டால் காயிலின் ரப்பர் ஊறிக் கெடும்.

இப்போது சாக்கெட்டை இறக்கி, அது அறுகோணத்தில் முழுவதும் அமர்ந்ததை உறுதிசெய்துகொண்டு இடப்பக்கமாகத் திருப்புங்கள். முதல் இளகல் ‘டக்’கென்று வரும். அதன்பின் பிளக் எளிதாகச் சுழல வேண்டும். இளகிய பிறகும் இறுக்கமாகவே வருகிறது என்றால் நிறுத்துங்கள். அரைச் சுற்று திரும்ப உள்ளே திருகி, குழிக்குள் துருநீக்கி எண்ணெயைக் கொஞ்சம் விட்டு அரைமணி நேரம் காத்திருந்து, கால் சுற்று வெளியே, எட்டில் ஒரு பங்கு உள்ளே என்று முன்னும் பின்னுமாக எடுங்கள். பலம் காட்டும் இடம் இது அன்று.

கழன்ற பிளக்கை முட்டை அட்டையில் சிலிண்டர் வரிசைப்படி வையுங்கள். கொரோலா போன்ற, இன்ஜின் குறுக்காகப் படுத்திருக்கும் பல வண்டிகளில் பெல்ட்டுகள் ஓடும் பக்கத்திலிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ண வேண்டும். இட்லித் தட்டும் இதற்கு வாகாக இருக்கும் என்று தோன்றும், வேண்டாம்.

8. பழைய பிளக் என்ன சொல்கிறது

முனையைச் சுற்றிலும் வெளிர்பழுப்போ சாம்பல் நிறமோ இருந்தால் அந்தச் சிலிண்டர் நலம். காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது, அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது, அல்லது வண்டி எப்போதும் குறுகிய தூரமே ஓடுகிறது. ஈரமாக எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கலாம். பிளக் மாற்றுவதால் அது தீராது. பீங்கான் வெளுத்துக் கொப்பளித்திருந்தால் அந்தச் சிலிண்டர் அதிகச் சூட்டில் ஓடியிருக்கிறது, மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

நான்கும் ஒரே மாதிரி இருக்கிறதா என்பதே முதலில் பார்க்க வேண்டியது. ஒன்று மட்டும் வேறாக இருந்தால் கோளாறு எந்தச் சிலிண்டர் என்று தெரிந்துவிட்டது. நான்கையும் ஒரே வெளிச்சத்தில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

9. இடைவெளியை அளத்தல்

பெட்டியிலிருந்து வரும் புதிய பிளக்கில் இடைவெளி சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். வரும் வழியில் எங்காவது இடிபட்டிருக்கலாம். என் பிளக்குக்கு 1.1 மி.மீ. வேண்டும். கடையில் கிடைக்கும் ஃபீலர் கேஜில் பெரும்பாலும் தடிமனான தகடு 1.00 மி.மீ.தான். அதோடு 0.10 தகட்டைச் சேர்த்துப் பிடித்துச் செருகினால் சிறிது உரசலோடு போய்வர வேண்டும். தளர்ந்தால் வளைந்த முனையை ஒரு மரக்கட்டையில் மெல்லத் தட்டுங்கள். இறுகினால் வளைந்த முனையை மட்டும் சற்றே நிமிர்த்துங்கள். நடு முனையை நெம்புகோலாகப் பயன்படுத்தவே கூடாது. இரிடியத்தில் நடு முனை ஊசிபோல் மெல்லியது. தகட்டை அதன்மேல் அழுத்தினாலே முறியும். இரிடியம் பிளக்கில் இடைவெளி தவறியிருந்தால் சரிசெய்ய முயலாமல் கடையில் மாற்றிவிடுங்கள்.

கையிலிருந்து தரையில் விழுந்த பிளக்கைப் போடாதீர்கள். இடைவெளியைத் திருத்திவிடலாம்; பீங்கானுக்குள் விழுந்த விரிசல் கண்ணுக்குத் தெரியாது. மேல்முனையில் திருகு வகைத் தொப்பி இருந்தால் அது இறுகியிருக்கிறதா என்றும் விரலால் பாருங்கள்.

10. புதிய பிளக்கைப் பொருத்துதல்

இந்தப் படியை இரண்டு முறை படியுங்கள். முதல்முறை நான் செய்த தவறு, புதிய பிளக்கைச் சாக்கெட்டில் வைத்து, ராட்செட்டையும் மாட்டி, குழிக்குள் இறக்கி நேரடியாகத் திருகத் தொடங்கியது. கைப்பிடி நீளமாக இருப்பதால், மரை கோணலாக ஏறுவது கைக்குத் தெரியவில்லை. இறுகியது, நானும் சரியாக அமர்ந்துவிட்டது என்று நினைத்தேன். எஃகுப் பிளக் அலுமினிய மரையைச் சீவிக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தது. ‘மரை கழன்றவன்’ என்று ஏன் திட்டுகிறார்கள் என்பது அன்று எனக்கு விளங்கியது. பட்டறைக்காரர் வீட்டுக்கே வந்து துளையைப் பெரிதாக்கி, உள்ளே புது மரைச்சுருள் வைத்துத் தந்தார், 3,500 ரூபாய்.

சரியான முறை இது. ரப்பர் டியூபின் ஒரு முனையைப் பிளக்கின் பீங்கான் தலையில் செருகுங்கள். டியூபைப் பிடித்துப் பிளக்கைக் குழிக்குள் மெதுவாக இறக்குங்கள். போட்டுவிடாதீர்கள், விழுந்தால் முனை மடங்கும். அடியில் தொட்டதும் முதலில் இடப்பக்கமாக ஒரு சுற்றுத் திருப்புங்கள். ஓரிடத்தில் மரையின் வாய் வாயோடு பொருந்தும் சிறு தட்டல் விரலுக்குத் தெரியும். அங்கிருந்து வலப்பக்கமாகத் திருகுங்கள். மரை நேராக ஏறினால் டியூபோடு பிளக் வழவழவென்று இறங்கும்; கோணலாக ஏறினால் பிளக் நின்றுவிட, டியூப் மட்டும் வழுக்கும். விரல் பலத்துக்குமேல் அந்த டியூபால் திருக முடியாது என்பதுதான் அதன் பயன். வழுக்கினால் வெளியே எடுத்து மறுபடி தொடங்குங்கள், எத்தனை முறையானாலும்.

பிளக் முழுவதும் இறங்கி வாஷர் தொட்டு நின்ற பிறகே ராட்செட்டை எடுக்க வேண்டும். அதற்கு முன்பு விரலால் திரும்ப மறுத்தால் மரையில் அழுக்கோ சேதமோ இருக்கிறது.

இறுக்கம்: வாஷர் உள்ள 14 மி.மீ. பிளக்குக்கு அலுமினியத் தலையில் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர் என்று என்.ஜி.கே. சொல்கிறது, நான் 25இல் நிறுத்துகிறேன். 12 மி.மீ. மரையென்றால் 15 முதல் 20தான். உங்கள் கையேட்டில் தனி எண் இருந்தால் அதுவே முதன்மை. டார்க் ரெஞ்ச் ‘கிளிக்’ என்றதும் நிறுத்துங்கள், ‘இன்னும் கொஞ்சம்’ வேண்டாம்.

ரெஞ்ச் இல்லாதவர்கள் கடிகாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். விரலால் இறங்கி நின்ற இடத்தில் கைப்பிடி பன்னிரண்டில் இருக்கிறது என்று கொண்டால், புதிய வாஷருள்ள பிளக்கை ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அந்தத் திருப்பலில் வாஷர் நசுங்கிப் படிவது கைக்குத் தெரியும். ஏற்கெனவே போட்டு எடுத்த பிளக்கைத் திரும்பப் போட்டால் வாஷர் முன்பே நசுங்கியிருப்பதால் ஒரு மணி அளவு திருப்பினால் போதும். வாஷரே இல்லாத கூம்பு இருக்கைப் பிளக்குக்கு அதையும்விடக் குறைவு, பதினாறில் ஒரு சுற்று.

மரையில் கிரீஸோ, மரை இறுகிப் பிடிக்காமலிருக்கப் பூசும் ஆன்டி-சீஸ் பசையோ தடவச் சொல்வார்கள். பிளக்கின் உலோக உடலில் துருப்பிடிக்காத பூச்சு ஏற்கெனவே இருக்கிறது. தடவினால் வழுக்கலாகி, அதே அளவு காட்டும் ரெஞ்சில் பிளக் கூடுதலாக இறுகும். வேண்டாம்.

11. மூட்டி, ஓட்டிப் பார்த்தல்

காயிலை நேராக இறக்கி அழுத்துங்கள். பிளக்கின் தலையில் அமரும் தட்டல் தெரிய வேண்டும். அதன் சிறு போல்ட்டுக்கு 9 நியூட்டன் மீட்டர் போதும், அதாவது மணிக்கட்டு பலம் மட்டும். கனெக்டரைச் செருகி ‘கிளிக்’ கேட்ட பின் லேசாக இழுத்துப் பாருங்கள். பிறகுதான் அடுத்த சிலிண்டர்.

நான்கும் முடிந்ததும், மூடியை மாட்டுவதற்கு முன் ஸ்டார்ட் செய்யுங்கள். துருநீக்கி எண்ணெய் விட்டிருந்தால் முதல் ஓரிரு நிமிடம் சிறிது புகை வரும். வண்டி நின்றபடியே இன்ஜின் ஓடும் ஐடில் சீராக இருந்தால் மூடியைப் போட்டு நான்கைந்து கிலோமீட்டர் ஓட்டிவாருங்கள். ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் மிஸ்ஸிங் அடித்தால் பதற வேண்டாம்: பெரும்பாலும் ஏதோ ஒரு கனெக்டர் சரியாக அமரவில்லை. எல்லாம் சரியாக இருந்தும் மிஸ்ஸிங் நிற்கவில்லையென்றால் காயிலைச் சந்தேகியுங்கள். வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவாகும் கோளாறு எண்களைப் படிக்கும் ஓ.பி.டி. ஸ்கேனர் இருந்தால் பி0301 என்பது முதல் சிலிண்டர், பி0302 இரண்டாவது என்று அது காட்டிக்கொடுக்கும். அந்தச் சிலிண்டரின் காயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போட்டுப் பாருங்கள். கோளாறும் கூடவே இடம் மாறினால் காயில்தான் குற்றவாளி. செக் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் மட்டும் ஓட்டாமல் நிறுத்திவிடுங்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும், அதன் விலை பல ஆயிரம்.

மாற்றிய தேதி, ஓடோமீட்டர் அளவு, பிளக்கின் முழு எண் மூன்றையும் சர்வீஸ் புத்தகத்தில் எழுதி, பில்லை அதே பக்கத்தில் பின் அடித்துவையுங்கள். வண்டியை விற்கும்போது வாங்குபவர் கேட்கும் முதல் கேள்விகளுள் ஒன்றுக்கு அது பதில். பழைய பிளக்குகளை ஒரு மாதம்வரை வைத்திருந்து, வண்டி தகராறு செய்யவில்லையென்றால் மூன்றைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம். எண் கையேட்டோடு ஒத்துப்போகும் ஒன்றை மட்டும் துணியில் சுற்றி டிக்கியில் போட்டுவையுங்கள். அடுத்த முறை கடையில் ‘6 போட்டுக்குங்க’ என்று யாராவது சொன்னால் எடுத்துக் காட்டலாம்.